பெயின்டுக்கு அடியில் ஒரு பொட்டு

கரமனைப் பாலத்தைத் தாண்டி, பஸ் இரைச்சலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. போர்டில் மகாராஜாவின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். மகாராஜா டிங்கர், நசுங்கியதை நிமிர்த்துவது அவர் வேலை. நிமிர்த்தியதைத் தேய்த்து, பட்டி பூசி, மறுபடி தேய்த்து, பெயின்ட் அடித்துப் புது வண்டியாக வெளியே அனுப்புவது அவருடைய மனைவி பிரேமா. போர்டில் அவள் பெயர் கிடையாது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "அந்த போர்டுக்கும் நாந்தான பெயின்ட் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தேய்க்கப் போய்விடுவாள்.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தபோது, வண்டிகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடிக்க வேண்டும் என்பதுதான். புருஷனுக்குச் சோறு கொண்டுபோன இடத்தில் ஒரு நாள் ஆள் வரவில்லை என்று கையில் வாட்டர் பேப்பரைக் கொடுத்தார்கள். தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்கிற காகிதம் அது. அன்றைக்குப் பிடித்தது இன்னும் கையை விட்டுப் போகவில்லை. தேய்த்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். கண்ணும் வெளிச்சமும் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பது அவள் கட்சி. அவள் நின்றுகொண்டே தூங்குகிறாள் என்று வண்டிக்காரர்கள் சிலர் மகாராஜாவிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள்.

உலகத்தில் அவளுக்கு ஒரே எதிரி துரு. ஒரு பக்கம் கடல், வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். இந்த ஊரில் இரும்பு நிம்மதியாக இருக்க வழியே இல்லை. கதவுக்கு அடியிலும் சக்கரத்துக்கு மேலேயும் துரு திருட்டுத்தனமாக நுழைந்து குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டும்போது பிரேமாவின் வாயில் வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. திருநெல்வேலி வசவும் மலையாள வசவும் அதில் சரிபாதி என்று மட்டும் சொல்லலாம்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுரண்டித் தேய்த்து இரும்பு பளிச்சென்று வந்ததும், பிரைமர் அடிப்பதற்கு முன், தகட்டின் இடது கீழ் மூலையில் மோதிர விரலால், தண்ணீர் தொட்டுக் குழைத்து, ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். கடைக் குங்குமம் ஆகாது, அது சாயப்பொடி என்பாள். வீட்டிலேயே இடித்துச் சலித்துப் பண்ணி, ஆற்றுக்கால் அம்மன் நடையில் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்த குங்குமமாக இருக்க வேண்டும். பொட்டு காய்ந்ததும் அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. "உள்ள இருந்து பாத்துக்கோ தாயே" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். வண்டி அப்புறம் எங்கே போகிறது, யார் கையில் மாறுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்த ஊர்த் தெருக்களில் அவளுடைய பொட்டை உள்ளே வைத்துக்கொண்டு எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. பொட்டு வைத்த இடத்தில் துரு பிடித்ததாக ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படி இருந்தவளிடம்தான் ஒரு சித்திரை வெயிலில் அந்த வெள்ளி நிறக் கார் வந்து நின்றது. வெளிநாட்டு வண்டி, இருபது வயதுக்கு மேல் இருக்கும். ஓட்டிவந்தவர் விஜயம். கரமனை அக்ரஹாரத்தில் தனியாக இருப்பவர். ராக்கெட் நிலையத்தில் உலோகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைத்தறிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, "பெயின்ட் அங்கங்க தூக்கிண்டு வரது, பாரு" என்றார்.

பிரேமா புடவைக்கு மேல் போட்டிருக்கும் மகாராஜாவின் பழைய சட்டைப் பையிலிருந்து காந்தத் துண்டை எடுத்தாள். புது வண்டியோ பழைய வண்டியோ, முதலில் காந்தம் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. யார் எங்கே ஓட்டை அடைத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். பானெட்டில் வைத்தாள். காந்தம் வழுக்கி விழுந்தது. கதவில் வைத்தாள், விழுந்தது. கூரையில் வைத்தாள், அது சறுக்கிக்கொண்டே கண்ணாடி வரைக்கும் வந்தது.

"மாமி, உங்கள எவனோ நல்லா ஏமாத்திட்டான் கேட்டீங்களா. வண்டி முழுக்க பட்டியாக்கும்!"

விஜயத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பட்டி இல்லைடி. அலுமினியம். மேலேருந்து கீழ வரைக்கும் அலுமினியம்."

"அலுமினியமா? சோத்துப் பானையா?"

"அதேதான். சோத்துப் பானைக்கு எஞ்சின் வச்சுக் குடுத்திருக்கான்."

பிரேமா குனிந்து பார்த்தாள். நம்பர் பிளேட் திருகாணியைச் சுற்றியும் கதவின் அடி விளிம்பிலும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சில இடங்களில் தோலுக்கு அடியில் புழு ஊர்ந்தது மாதிரி வளைந்து வளைந்து கோடு ஓடியது. நகத்தால் கீறினாள். செம்மண் நிறத்தில் உதிரும் என்று எதிர்பார்த்தால், கோலப்பொடி மாதிரி வெள்ளையாகக் கொட்டியது.

"துரு எங்க மாமி?"

"அதுதான் இதோட துரு."

பிரேமாவுக்கு ஏதோ தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியது போல இருந்தது. வைவதற்குக்கூட வாயில் ஒன்றும் வரவில்லை. வாட்டர் பேப்பரை நனைத்து, அந்த வெள்ளைப் பொடி போகும்வரை ஒரு உள்ளங்கை அளவுக்குத் தேய்த்தாள். உள்ளேயிருந்து உலோகம் பளபளவென்று வந்தது. "இதோ, சுத்தமா வந்துட்டுல்லா" என்றாள்.

"வரலை. வெறும் அலுமினியத்தை நீ பார்க்கவே முடியாது பிரேமா. நீ பேப்பரை எடுக்கறதுக்கு முன்னாலயே அது காத்தோட சேர்ந்து ஒரு தோலைப் போர்த்திண்டுடுத்து. கண்ணுக்குத் தெரியாத தோல். அதுவும் ஒருவிதத் துருதான். ஆனா இரும்போட துரு இரும்பைத் திங்கும். இதோட துரு இதுக்குக் காவல் நிக்கும்."

"கீறினா?"

"கீறின இடத்துல உடனே மறுபடி போர்த்திக்கும்."

பிரேமா சாவியின் முனையால் ஒரு கோடு கீறினாள். உற்றுப் பார்த்தாள். அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அந்தக் கோட்டுக்குள், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் சொல்லாமல், யார் கையும் படாமல், ஒரு காயம் ஆறிக்கொண்டிருக்கிறது. அவளுக்குக் கை மயிர் கூச்செறிந்தது. இத்தனை வருஷமாகத் துருவோடு மல்லுக்கட்டியவளுக்கு, துருவே காவல் நிற்கும் ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பதைத் தாங்கவே முடியவில்லை. அன்று வீட்டில் சோற்றுப் பானையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, பானைய வச்சுட்டுச் சோத்தப் போடு" என்றார் மகாராஜா.

அப்படிப்பட்ட காவலையும் மீறி வண்டி ஏன் அரித்தது? உப்புக் காற்றும் இரும்புத் திருகாணியும்தான். இரண்டு உலோகம் உடம்போடு உடம்பு ஒட்டி, நடுவில் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும். கரைவது அலுமினியம் என்றார் விஜயம். அவரோ தினமும் சாயங்காலம் சங்குமுகம் கடற்கரையில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்.

"கடலுக்கு முன்னாடியா கொண்டு நிறுத்துவீங்க? நீங்க இதெல்லாம் படிச்சவங்கதான?" என்று பிரேமா சத்தம் போட்டாள்.

விஜயம் வண்டிப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "நான் வேலை பண்ணின அலுமினியம் எல்லாம் மேல போச்சு. எத்தனை தகடு, எத்தனை கூடு, பார்த்துப் பார்த்துப் பண்ணினது. பாதி எரிஞ்சு போச்சு, பாதி கடல்ல விழுந்துது. ஒண்ணும் திரும்பி வரலை; திரும்பி வரதுக்குப் பண்ணினதும் இல்லை. அதனாலதான் கடலைப் போய்ப் பார்த்துண்டு உக்காந்திருக்கேன். அலுமினியத்துல இந்த வண்டி ஒண்ணுதான் என்னோட சாயங்காலம் ஆத்துக்குத் திரும்பி வரது."

அதற்கு மேல் பிரேமா வையவில்லை. வண்டியைச் சரி பண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன வாக்கு அத்தனை லேசில் நிற்கவில்லை. எடவப்பாதி என்று இந்த ஊரில் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி நாலு நாள் ஊற்றியதும், அவள் பெயின்ட் அடித்து அனுப்பிய வண்டி திரும்பி வந்தது. தேய்த்து அடித்த இடமெல்லாம் பொரிப் பொரியாக எழும்பியிருந்தது. பிரேமா ஒன்றை உடைத்தாள். வெள்ளைப் பொடிக்கு நடுவே பழுப்பாக மிளகுத் தூள் மாதிரி என்னவோ தெரிந்தது. அதை அவளுக்கு எந்த இருட்டிலும் தெரியும். "இது துருவாக்கும் மாமி. சாட்சாத் இரும்புத் துரு. இரும்பே இல்லாத வண்டியில எப்படி வந்துச்சு?"

இருவரும் ஒரே நேரத்தில் மூலையில் தொங்கிய கம்பி பிரஷைப் பார்த்தார்கள். காலமெல்லாம் இரும்பைத் தேய்த்த பிரஷ். அதிலிருந்த இரும்புப் பொடி மிருதுவான அலுமினியத்தில் போய்ப் பதிந்துகொண்டு, ஒவ்வொரு துளியும் ஒரு சின்னத் திருகாணியாக வேலை பார்த்திருக்கிறது.

"இதுக்கு மடி வேணும்டி. எங்காத்துல மடி வஸ்திரத்தை யாரும் தொடப்படாதுன்னு ஒசரக் கொம்புல உலர்த்துவா. எனக்குச் சின்ன வயசுல அதைக் கண்டாலே ஆத்திரமா வரும். இதுக்கு நிஜமாவே வேணும். இரும்பு பட்டது எதுவும் கிட்ட வரப்படாது" என்றார் விஜயம்.

பிரேமாவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. புது பிரஷ், புது பேப்பர், புதுத் துணி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்தாள். மகாராஜா சுத்தியலோடு அந்தப் பக்கம் போனால், "தொடாதீங்க, மடி!" என்று கத்துவாள். அவர் பரம்பரையில் யாரையும் இப்படி யாரும் ஒதுக்கி நிறுத்தியதில்லை என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போவார். திருகாணிகளுக்கு அடியில் நைலான் வாஷர் வைத்தாள். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற துளைகளில் அடைத்திருந்த மண்ணை ஈர்க்குச்சியால் எடுத்தாள். அலுமினியத்துக்கென்றே வரும் பிரைமரை வாங்கி அடித்தாள். கடலுக்குப் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று விஜயத்திடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசியில், துலா மாத மழையின்போது வண்டி மறுபடியும் வந்தது.

இந்தத் தடவை விளிம்பெல்லாம் சுத்தம், திருகாணியைச் சுற்றிச் சுத்தம். ஆனால் பானெட்டில் ஒன்று, டிரைவர் பக்கக் கதவில் ஒன்று, டிக்கியில் ஒன்று என்று மூன்று கொப்புளம். விஜயத்தின் போனில் அவர் மகன் கைலாஷ் கொச்சியிலிருந்து பேசிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "அம்மா, போதும். எத்தனை வாட்டிதான் பண்ணுவே? வர ஓணத்தோட ரிஜிஸ்ட்ரேஷன் முடியறது. இந்த பாடியோட எப்படிப் புதுப்பிப்பா? ஸ்க்ராப்புக்குக் குடுத்துடு. அலுமினியம்தானே, உருக்கி எடுத்துப்பா."

விஜயம் போனை அணைத்துவிட்டுப் பிரேமாவைப் பார்த்தார். "அவன் சொல்றது தப்பில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை. வர எடவப்பாதியைத் தாண்டிடுத்துன்னா வச்சுக்கறேன். இல்லேன்னா குடுத்துடறேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டோவில் ஏறப் போனவர் திரும்பி வந்து பானெட்டை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனார். இந்த வண்டி உருகிச் சோற்றுப் பானையாகப் போவது அவள் கையால்தான் என்று ஆகிவிட்டது.

கதவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம் போலத் தடவிப் பார்த்தாள். மோதிர விரல் கொப்புளத்தின் மேல் வந்ததும் நின்றது. கொப்புளம் விரல் நுனிக்குச் சரியாகப் பொருந்தியது. கண்ணைத் திறந்தாள். கதவின் இடது கீழ் மூலை. எழுந்து பானெட்டுக்கு ஓடினாள். இடது கீழ் மூலை. டிக்கியிலும் அதே மூலை, அதே விரல்.

அவள் பொட்டு வைத்த இடங்கள்.

அன்று முழுக்க அவள் வாட்டர் பேப்பரைத் தொடவே இல்லை. அம்மன் உட்கார்ந்த இடம் மட்டும் அரித்துப்போனால் அதற்கு என்ன அர்த்தம்? தன் மேல் என்ன கோபம், எந்த வெள்ளிக்கிழமை என்ன தப்புச் செய்தோம் என்று மனசுக்குள் கிடந்து புழுங்கினாள். மறுநாள் காலையில் மகாராஜாவிடம்கூடச் சொல்லாமல் அக்ரஹாரத்துக்கு நடந்தாள்.

விஜயம் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பிரேமா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "அம்மா எம்மேல கோவமா இருக்கா மாமி. நான் வச்ச பொட்டுதான் வண்டியத் திங்குது."

விஜயம் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். "என்ன குங்குமம் அது?"

"வீட்டுல பண்ணதுதான். நல்ல மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்து..." பிரேமா அப்படியே நிறுத்தினாள். போன பொங்கலுக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடிக்க அலுமினியச் சட்டியில் சுண்ணாம்பு கரைத்து வைத்ததும், மறுநாள் சட்டியின் அடி சொறி பிடித்தது போல் கிடந்ததும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. "மாமி, சுண்ணாம்பு சட்டியத் தின்னுச்சே! அலுமினியச் சட்டிய!"

விஜயம் எழுந்த வேகத்தில் கத்தரிக்காய் உருண்டது. எங்கிருந்தோ ஒரு அலுமினியத் துண்டைத் தேடி எடுத்து, தரையில் உரசிப் பளபளப்பாக்கினார். வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து அதன் மேல் வைத்தார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு விளிம்பில் ஒரு குமிழ் வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பொடிப் பொடியாக, அடுப்பில் வைத்த பால் மாதிரி, அடுப்பே இல்லாமல்.

"தோலை அவுக்கறது. அது மறுபடி போர்த்திக்கப் பாக்கறது, சுண்ணாம்பு மறுபடி அவுக்கறது" என்றார் விஜயம். அவர் குரலே மாறிப்போயிருந்தது. "அந்தக் குமிழ்ல இருக்கே, அது ஹைட்ரஜன். ராக்கெட்டுக்கு ஊத்தறோமே, சாட்சாத் அதே வாயு. அலுமினியத்தோட அத்தனை வருஷம் இருந்தேன், பெயின்டுக்கு அடியில ஒருத்தி பொட்டு வச்சிருப்பான்னு எனக்குத் தோணவே இல்லை பாரு!"

பிரேமா குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனி அளவு பொட்டுக்குள் ராக்கெட்டைத் தூக்குகிற மூச்சு இருந்திருக்கிறது. "அப்போ மத்த வண்டிக்கெல்லாம்?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"இரும்புக்கு சுண்ணாம்பு நல்லதுடி. அங்கெல்லாம் உன் பொட்டு நிஜமாவே காவல்தான் நின்னிருக்கு."

பிரேமா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை விட்டு, காற்று காய்ந்த தை மாதத்தில் மூன்றாவது தடவை வேலை தொடங்கியது. மூன்று தகட்டையும் அடிவரைக்கும் தேய்த்தாள், கழுவினாள், மடித் துணியால் துடைத்தாள். பிரைமர் கலந்து தயாராக இருந்தது. அவள் கை பழக்க தோஷத்தில் குங்குமச் சிமிழை எடுத்துவிட்டது. எடுத்த கை அப்படியே நின்றது. வாழ்க்கையில் ஒரு வண்டியைக்கூட அவள் பொட்டில்லாமல் அனுப்பியதில்லை. அதுவும் உயிர் பிழைக்குமா பிழைக்காதா என்று இருக்கும் இந்த வண்டியை எப்படி அனுப்புவது? வெறுமனே அனுப்பி, மழையில் அது போய்விட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டு கரைப்பது?

"ஏட்டி, இதுக்கு வைக்கலியா?" என்று பின்னாலிருந்து மகாராஜாவின் குரல் கேட்டது. அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பிரேமா பளபளவென்று கிடந்த தகட்டைப் பார்த்தாள். இப்போதுதான் தேய்த்தாள், அதற்குள் அது போர்த்திக்கொண்டிருக்கும். அவள் சுரண்டச் சுரண்ட, வையாமல், அழாமல், கேட்காமல், ஒவ்வொரு தடவையும் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்து பார்த்துக்கொள் என்றுதானே இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தாள்?

"நீ ஏற்கெனவே உள்ளதான் இருக்கே தாயே. நான்தான் பாக்கல" என்று வாய்விட்டுச் சொன்னாள். சிமிழை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிரைமரை எடுத்தாள்.

எடவப்பாதி அந்த வருஷம் முன்கூட்டியே வந்து, போக மனசில்லாமல் நின்று பெய்தது. கரமனை ஆறு கலங்கிப் படிக்கட்டு ஏறியது. இடி இடித்தால் பிரேமாவுக்கு வீட்டுக் கூரையின் ஞாபகம் வராது, அந்தக் கார்தான் ஞாபகத்துக்கு வரும். போன் பண்ணிக் கேட்கப் பயம். விஜயமும் பண்ணவில்லை.

மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்த ஒரு நாள், வெள்ளிக் கார் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றது. விஜயம் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பார்த்திருப்பார், ஆனால் பிரேமாவின் விரல் சொல்ல வேண்டும் என்று வந்திருந்தார். மகாராஜா சுத்தியலை நிறுத்தினார்.

பிரேமா கையைக் கழுவினாள். பானெட்டின் இடது மூலையில் மோதிர விரலை வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு கதவு. பிறகு டிக்கி. மறுபடி முதலிலிருந்து ஒரு தரம். ஒவ்வொரு விளிம்பும், ஒவ்வொரு திருகாணியும்.

"என்ன இருக்கு?" என்றார் விஜயம்.

"ஒண்ணும் இல்ல மாமி" என்றாள் பிரேமா. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "ஒண்ணுமே இல்ல."

விஜயம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்ப் புதுப்பிக்கக் குடுத்துட்டு வரேன். சாயங்காலம் கடலுக்குப் போகலாம், நீயும் வா" என்றார்.

தான் பெயின்ட் அடித்த வண்டி எதிலும் பிரேமா அதுவரை ஏறி உட்கார்ந்து போனதில்லை. சாயங்காலம் கார் வந்தபோது அவள் சட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல புடவை கட்டி, நெற்றியில் அந்தக் குங்குமத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு நின்றாள். கையில் மூடி போட்ட தண்ணீர்க் கேன் இருந்தது.

"தண்ணி எதுக்குடி?"

"திரும்பி வரும்போது கழுவணும்லா மாமி" என்று கேனை மடியில் வைத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள் பிரேமா.